மேற்கே போன வண்டிக்குப் பின்னால்

விட்லாக் குடும்பம் கான்சாஸின் மேற்குக் கோடிக்கு எப்படி வந்து சேர்ந்தது என்று ஏசா விட்லாக்கிடம் மட்டும் கேட்டுவிடக் கூடாது. கேட்டவனுக்கு அன்றைக்கு வேறு வேலை ஓடாது. பென்சில்வேனியாவில் ஆரம்பிப்பார். ஒஹாயோவில் ஒரு அரை மணி நேரம் நிற்பார். அயோவாவில் தாத்தா தாடியஸ் சாகும் இடம் வந்ததும் குரல் தழுதழுக்கும். வண்டி கட்டுவதற்கு மூன்று வாரம் முன்பு தாடியஸ் படுத்துவிட்டாராம். கிளம்பவிருந்த வண்டியின் சக்கரத்தில் கை வைத்து, "நான் பார்க்காத மண்ணை நீங்க பாருங்கடா" என்று சொல்லிக் கண்ணை மூடினாராம். வால்நட் மரத்தடியில் புதைத்துவிட்டு, ஏசாவின் அப்பா நேதன் குடும்பத்தை ஏற்றிக்கொண்டு மேற்கே வண்டியை விட்டாராம். ஏசாவுக்கு அப்போது எட்டு வயது.

எங்கள் பக்கத்தில் ஜூன் மாதம் நீதிமன்றப் புல்தரையில் முன்குடிகள் நாள் கொண்டாடுவார்கள். கூண்டு வண்டியில் வந்தவர்களை மேடைப் பலகையில் வரிசையாக உட்கார வைப்பார்கள். ஒரு காலத்தில் பதினான்கு பேர் உட்கார்ந்த பலகை. 1935-இல் மிஞ்சியவர்கள் இரண்டே பேர். ஒருவர் ஏசா, இன்னொரு பெண்மணிக்குக் காது சுத்தமாகக் கேட்காது. எனவே ஏசா சொன்னதுதான் வரலாறு, மறுத்துப் பேச ஆளில்லை.

அந்த வருஷம் விழாக் கமிட்டிக்குப் புத்தகம் போடும் ஆசை வந்தது. ஒவ்வொரு வீடும் தன் வம்சத்தை, யார் எங்கிருந்து எப்போது வந்தார்கள் என்பதை, ஆதாரத்தோடு எழுதித் தரவேண்டும். ஏசாவின் மகள் லவீனா கல்யாணத்துக்கு முன்பு இரண்டு வருஷம் பள்ளிக்கூடத்தில் பாடம் சொன்னவள். எழுத்து முத்து முத்தாக இருக்கும். பிப்ரவரியில், இன்னும் தெம்பு இருந்தபோது, அயோவாவுக்கும் ஒஹாயோவுக்கும் கடிதங்கள் போட்டாள். அதன்பிறகு அந்த நினைப்பே அவளுக்கு இல்லாமல் போனது. புழுதி வந்துவிட்டது.

நாலு வருஷமாக மழை ஏய்த்த நிலம். உழுது போட்ட மேல்மண் அப்படியே எழுந்து வீட்டுக்குள் வந்தது. காலையில் எழுந்தால் முதல் வேலை, தானியம் அள்ளும் மண்வாரியால் சமையலறை மண்ணை அள்ளி வெளியே கொட்டுவது. அடுத்தது, துப்பட்டிகளை நனைத்து ஜன்னல்களில் தொங்கவிடுவது. மத்தியானத்துக்குள் அவை சேற்றுத் துணியாகிவிடும். அலசி மறுபடி நனைக்க வேண்டும். மேசையில் தட்டுகளைக் கவிழ்த்துத்தான் வைப்பார்கள், சோளரொட்டி வந்த பிறகுதான் நிமிர்த்துவது. பாலைத் துணியில் மூன்று தடவை வடிகட்டினாலும் பல்லில் மண் நறநறக்கும். மாட்டுக்குப் போட ஒன்றுமில்லாமல் முள்செடியை வெட்டி உப்புப் போட்டார்கள். அதே முள்செடியின் இளங்கொழுந்தை லவீனா மனிதர்களுக்கும் அவித்தாள். ஏசா அதைத் தின்றுவிட்டு, "மாடு நம்மளைப் பார்த்துச் சிரிக்குதுடி" என்பார்.

லவீனாவின் புருஷன் ரஸ் பிப்ரவரியிலேயே மேற்குக் கடலோர வாஷிங்டன் மாநிலத்துக்கு வேலை தேடிப் போயிருந்தான். ஏப்ரலில் கடிதம் வந்தது. ஆப்பிள் தோட்டத்தில் வேலை கிடைத்திருக்கிறது, ஒரு அறை கொடுத்திருக்கிறார்கள், மரத்துக்கு மரம் தண்ணீர் ஓடுகிறது, எப்படியாவது வந்து சேர்.

அந்த எப்படியாவது என்பதற்குள்தான் எல்லாம் இருந்தது. அவர்களுடைய நாலு வயதுப் பெண் டெஸ்ஸிக்கு மார்ச்சிலிருந்து இருமல். முதலில் வறட்டு இருமல், பிறகு மண் கலந்த சளி. பன்றிக்கொழுப்பில் டர்பன்டைன் குழைத்து நெஞ்சில் தேய்த்தாள். சர்க்கரையில் இரண்டு சொட்டு மண்ணெண்ணெய் விட்டுக் கொடுத்தாள். மே மாத முதல் வாரம் டாக்டர் வந்து குழந்தையின் முதுகில் காது வைத்துக் கேட்டுவிட்டு, வாசலுக்கு வந்து முகமூடியைப் போட்டுக்கொண்டே சொன்னார்.

"இவளைப் புழுதி இல்லாத இடத்துக்குக் கொண்டு போயிரும்மா. இங்கயே வச்சிருந்தா, அடுத்த தடவை நான் வர்றது மருந்து குடுக்கறதுக்கா இருக்காது."

மூன்றாவது நாள் பக்கத்து நிலத்து ஆர்லோ கிரிஸம் வந்தான். அவனும் குடும்பத்தோடு மேற்கே கிளம்புகிறான். புழுதிக் காற்றில் மின்சாரம் ஏறி எஞ்சின் நின்றுவிடக் கூடாதென்று அவனுடைய லாரியின் பின்னால் ஒரு சங்கிலி தரையில் இழுபட்டுக்கொண்டே வரும். சங்கிலிச் சத்தம் கேட்டதும் லவீனா கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

"ஏம்மா லவீனா, திங்கட்கிழமை காலையில கிளம்புறோம். நாங்க ஏழு பேர், படுக்கை, அடுப்பு, பாத்திரம். உனக்கும் புள்ளைக்கும் இடம் பண்ணிட்டேன். கோழிக்கூண்டு இருந்த இடம். கோழியையெல்லாம் அடிச்சுத் தின்னாச்சு."

"அப்பாவுக்கு?"

ஆர்லோ பிடரியைச் சொறிந்தான். நல்லவன்தான், ஆனால் அவனுக்கும் வண்டி ஒன்றுதான்.

"பெரியவரு இடுப்பு உடைஞ்சு ஆறு மாசமாகல. ரெண்டு கம்பு இல்லாம நடக்க மாட்டாரு. அரை மணி உட்கார்ந்தா எழுப்பிவிட ஆள் வேணும். பன்னெண்டு நாள் பாதைம்மா. படுக்க வச்சுத்தான் கொண்டு போகணும். படுக்க வச்சா என் புள்ளைங்கள்ல ரெண்டை எறக்கி விடணும். நீயே சொல்லு, எந்த ரெண்டை எறக்கட்டும்?"

அவள் வீட்டு ஜன்னல் பக்கம் திரும்பிப் பார்த்தாள்.

"அந்த ஏழைப்பண்ணை இருக்கே, ஆர்லோ. மாவட்டத்துக்காரங்க கிழவங்களை வச்சுச் சோறு போடுற பண்ணை. போற வழியிலதானே. அங்க கொஞ்ச நாள்..."

"அது நாதியத்தவங்களுக்கு. பெத்த புள்ளை உசுரோட இருந்தா உள்ள விடமாட்டாங்க. நீ போய் நின்னேன்னு வையி, நீதான் பொண்ணா, கூட்டிட்டுப் போன்னு வாசல்லயே திருப்புவாங்க. அப்படியே விட்டுட்டு ஓடினாலும் ஷெரீப் அடுத்த ஊர்லயே வழி மறிப்பான். வடக்க ஒரு குடும்பத்துக்கு அப்படித்தான் ஆச்சு, பாதி வழியில திருப்பிக் கொண்டாந்துட்டாங்க." செருப்பால் மண்ணைக் கிளறினான். "நீ யோசி. ஆனா திங்கட்கிழமை தாண்டி எனக்குக் காத்திருக்க முடியாது. பெட்ரோல் வாங்கிட்டேன்."

ஏசா உள்ளே ஜன்னலோரம்தான் உட்கார்ந்திருந்தார். அவருக்குக் காது பாம்புக் காது. ஆனால் அன்று முழுவதும் ஒன்றும் கேட்காதவர் போலவே இருந்தார். சாப்பிடும்போது தட்டை நிமிர்த்தியபடி, "இன்னும் நாலு நாள்ல மழை வரும்டி. இடுப்பு சொல்லுது" என்றார். லவீனா அவித்த பீன்ஸை அவருடைய தட்டில் போட்டாள். அவர் பயந்திருக்கிறார் என்று அவளுக்குத் தெரிந்தது. அவளும் பயந்துதான் இருந்தாள். இரண்டு பேரும் வானத்தைப் பற்றியே பேசி அந்த வாரத்தை ஓட்டினார்கள்.

சனிக்கிழமை காலையில் தபால்காரர் ஒரு நீள உறையைக் கொடுத்துவிட்டுப் போனார். அவர் கார் கண்ணுக்கு மறைவதற்குள் வடக்கே கறுப்பாக ஒரு சுவர் எழும்பியது. லவீனா கோழிக்கொட்டகையைச் சாத்தி, மாட்டைக் கட்டி, துப்பட்டிகளை நனைத்து மாட்டுவதற்குள் வீடு இருண்டுவிட்டது. நடுப்பகலில் விளக்கேற்றினாள். விளக்கைச் சுற்றி ஒரு முழத்துக்கு மேல் வெளிச்சம் போகவில்லை. டெஸ்ஸியை மேசைக்கடியில் படுக்க வைத்து, மேசையின் மேல் ஈரத்துணி போட்டுக் கூடாரம் மாதிரி மூடினாள். உள்ளேயிருந்து இருமல் வந்துகொண்டே இருந்தது.

காற்று அடங்கும்வரை செய்ய வேறொன்றும் இல்லாததால் உறையைப் பிரித்தாள்.

"எங்கிருந்து?" என்றார் ஏசா.

"அயோவா."

அவர் முகம் மலர்ந்தது. "தாத்தா கல்லறை கிடைச்சிருச்சா? வால்நட் மரத்தடியில இருக்குமே. படி, படி."

லவீனா அதற்குள் பாதியைக் கண்ணால் படித்துவிட்டாள். "ஒண்ணும் கிடைக்கலையாம்பா" என்று மடிக்கப் போனாள்.

"நீ சின்ன வயசிலயே பொய் சொன்னா மூக்கை உறிஞ்சுவ. இப்ப உறிஞ்சுற. படிடி."

படித்தாள்.

"தங்கள் கடிதம் கண்டோம். தாங்கள் குறிப்பிட்ட 1872-ஆம் ஆண்டு இறப்புப் பதிவுகளில் அப்பெயர் இல்லை. ஆனால் மாவட்ட ஏழைப்பண்ணையின் பழைய பேரேட்டில் கீழ்க்கண்ட பதிவு உள்ளது. தாடியஸ் விட்லாக். பிறப்பு பென்சில்வேனியா. தொழில் மாவு ஆலை வேலை. வயது எழுபது. சேர்ந்தது 1872 மே. இறந்தது 1881 பிப்ரவரி. உறவினர் எவருமில்லை. புதைத்த இடத்தில் பெயர்க்கல் இல்லை, எண் மட்டுமே உண்டு."

கூரைத் தகரம் படபடவென்று அடித்துக்கொண்டது. லவீனா எதிர்பார்த்தது வேறு, ஏசா கேட்டது வேறு.

"ஒம்பது வருஷமா இருந்தாரு?"

"அப்பா, அப்ப அவரு..."

"அந்த வருஷக் குளிர்லயே போயிருப்பாருன்னுதான் நெனச்சிட்டு இருந்தேன். எனக்குப் பதினேழு வயசு வரைக்கும் இருந்திருக்காரேடி. பதினாறு வயசுல நான் மாடு ஓட்டிட்டு மிசௌரி ஆறு வரைக்கும் போனேன். இன்னும் ரெண்டு நாள் குதிரையில போயிருந்தா அவர் வாசல்."

"உங்களுக்கு இது முன்னமே தெரியுமா?"

"எனக்குத் தெரியாம எப்படி? நான்தானே திருப்பி அனுப்பினேன்."

விளக்கு வெளிச்சத்தில் அவர் கைகள் மட்டும்தான் அவளுக்குச் சரியாகத் தெரிந்தன. அவை முழங்காலைத் தேய்த்துக்கொண்டே இருந்தன.

"வண்டி கிளம்புனா வீட்டு நாய் பின்னாலயே வரும், தெரியுமா? ஏத்திக்கவும் முடியாது, வரவும் விட முடியாது. காலு தேஞ்சு பாதி வழியில செத்துப்போகும். அதனால அதைத் திருப்பறதுக்கு மண்ணாங்கட்டி எடுத்து எறியறது. எல்லா வண்டியிலயும் அது பசங்க வேலை. பின்பலகையில உட்கார வச்சிருப்பாங்க." கம்பை மடிக்கு இழுத்துக்கொண்டார். "தாத்தாவுக்கு அப்பவே மூச்சு வாங்கும். ஆத்தைத் தாண்ட மாட்டாருன்னு எங்கப்பா முடிவு பண்ணிட்டாரு. பக்கத்து வீட்டுல இருங்க, அடுத்த வருஷம் ஆள் அனுப்பறேன்னாரு. தாத்தா தலையைத் தலையை ஆட்டினாரு. வண்டி நகர்ந்ததும் பின்னாலயே நடக்க ஆரம்பிச்சுட்டாரு."

"எவ்வளவு தூரம்?"

"மூணு மைல். கூப்பிடல, அழுவல, சும்மா நடந்தாரு. எங்கம்மா ஒரு தடவை கூடத் திரும்பல. அப்பா வண்டியை நிறுத்தி இறங்கி வந்தாரு. அவரைத் தூக்கப் போறாருன்னு நான் நகர்ந்து இடம் விட்டேன். என் மடியில நாலு மண்ணாங்கட்டியை வச்சுட்டுத் திரும்பிப் போயிட்டாரு. ஒரு வார்த்தை சொல்லல."

லவீனா கடிதத்தை மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள். மேசைக்கடியில் டெஸ்ஸி இருமினாள்.

"மொதல் ரெண்டும் முன்னாடியே விழுந்துச்சு. மூணாவது நெஞ்சில பட்டுச்சு. தொப்பியைக் கழட்டி மண்ணைத் தட்டிக்கிட்டு அங்கயே நின்னுட்டாரு. நாலாவது தேவைப்படல. அந்தப் பக்கமும் நம்ம ஊரு மாதிரி மட்டத் தரைதான். ரொம்ப நேரம் தெரிஞ்சாரு."

"அப்ப அந்த வால்நட் மரம்?"

"செத்துட்டாருன்னு ஊருக்குச் சொன்னது எங்கப்பா. மரம் நான் சேர்த்தது. சக்கரத்துல கை வச்சதும் நான்தான். வருஷா வருஷம் மேடையில சொல்லச் சொல்ல எனக்கே பாதி நம்பிக்கை வந்துருச்சு." ஒரு மாதிரி சிரித்தார். "தாத்தாவும் லேசுப்பட்டவர் இல்ல. அவங்கப்பனை ஒஹாயோவுல விட்டுட்டு வந்தவர்தான். நம்ம வம்சம் மேற்க வந்த கதை இதுதான்டி. ஒவ்வொரு ஊர்லயும் ஒரு கிழவன்."

லவீனாவுக்கு அழுகை வரவில்லை. நாலு நாளாக அவள் மனசுக்குள் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தது இதையேதான். யார் வீட்டில் விட்டால் வைத்துக்கொள்வார்கள், எத்தனை நாள் வைத்துக்கொள்வார்கள், பிறகு ரஸ்ஸை அனுப்பி அழைத்துக்கொள்ளலாமா என்று. அடுத்த வருஷம் என்ற வார்த்தை அவள் நாக்கு நுனியில் வந்து வந்து போய்க்கொண்டிருந்தது.

"நான் போகலப்பா," என்றாள். "ஆர்லோகிட்டச் சொல்லிடறேன்."

"புள்ளை?"

"ஈரத்துணி இன்னும் ரெண்டு சேர்த்துக் கட்டறேன். மழை வரும்னு நீங்கதானே சொன்னீங்க."

"மழையா?" ஏசா கம்பால் தரையைத் தட்டினார். "கிறுக்கச்சி. பயத்துல சொன்னேன். எனக்கு இடுப்பு ஒண்ணும் சொல்லல. வலிக்குது, அவ்வளவுதான். மழையும் வராது, ஒண்ணும் வராது."

"வராட்டிப் போகட்டும். நான் உங்களை விட்டுட்டுப் போக மாட்டேன்."

மேசைக்கடியில் இருமல் நின்றது. இருவரும் பேச்சை நிறுத்தி அடுத்த இருமலுக்காகக் காத்திருந்தார்கள். அது வந்ததும்தான் மூச்சு விட்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை காற்று இல்லை. லவீனா அடுப்படி மண்ணை அள்ளினாள், வேலியை மூடியிருந்த மணல் மேட்டில் பாதியை வெட்டி மாட்டுக்கு வழி செய்தாள். ஏசா முடி வெட்டிவிடச் சொன்னார். தண்ணீர் காய்ச்சி முகமும் மழித்துவிட்டாள். டெஸ்ஸியைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு தன் தட்டிலிருந்த பன்றித்துண்டை அவளுக்கு ஊட்டினார். தாத்தா ஏன் வழவழவென்று இருக்கிறார் என்று அவள் கன்னத்தைத் தடவிக் கேட்டாள். "கல்யாணத்துக்குப் போறேன்" என்றார். அவள் சிரிக்கப் போய் இருமலில் முடிந்தது. கமிட்டிக்கு எழுதிக்கொண்டிருந்த தாளை என்ன செய்வது என்று லவீனா கேட்டபோது மட்டும் எரிந்து விழுந்தார். "உள்ளதை எழுது. இல்லேன்னா அடுப்புல போடு. மரத்தை மட்டும் எழுதாதே."

திங்கட்கிழமை காலை அவள் பால் கறந்துவிட்டு வந்தபோது அவர் படுக்கை மடித்திருந்தது. கம்புகள் இல்லை. கோட்டு இல்லை. வீட்டைச் சுற்றிக் கூப்பிட்டாள். கிணற்றுக்குள் எட்டிப் பார்த்தாள். அந்த நிமிஷம் அவள் நினைத்ததை அவள் பிறகு யாரிடமும் சொன்னதில்லை. அப்போதுதான் சங்கிலிச் சத்தம் கேட்டது.

ஆர்லோ எஞ்சினை நிறுத்தாமலே கத்தினான். "மூட்டை எங்கம்மா? பெரியவரு தபால் கார்ல போறாரே, பார்த்தேன். உறவுக்காரங்க வீட்டுக்குப் போறேன்னாரு. உங்களுக்கு மாவட்டத் தலைநகர்ல உறவு இருக்கா?"

அங்கே அவர்களுக்கு உறவு யாரும் இல்லை, ஏழைப்பண்ணைதான் இருந்தது. லவீனா டெஸ்ஸியைத் துப்பட்டியில் சுற்றினாள். மூட்டை என்று எதைக் கட்டினாள் என்று அவளுக்கே தெரியாது. பிறகு பிரித்தபோது அதில் மண்வாரியும் ஒரு ஈரத்துணியும் இருந்தன. மாட்டை அவிழ்த்துவிட்டாள்.

"பண்ணை வாசல்ல ரெண்டு நிமிஷம் நிறுத்து, ஆர்லோ. அவரைப் பார்க்காம நான் வரமாட்டேன்."

"நிறுத்தறேன். ஆனா உள்ள போய் வாயை விட்டுறாத. நான் சொன்னது ஞாபகம் இருக்கா?"

ஏழைப்பண்ணை ஊருக்கு வெளியே இரண்டு மாடிச் செங்கல் கட்டடம். முன்வாசல் பெஞ்சில் ஐந்தாறு கிழவர்கள் உருளைக்கிழங்கு சீவிக்கொண்டிருந்தார்கள். ஏசா ஓரத்தில் இருந்தார். அதற்குள் பண்ணையின் சாம்பல் நிறச் சட்டையைப் போட்டுவிட்டிருந்தார்கள். மடியில் தகரச் சட்டி, கையில் சின்னக் கத்தி. லவீனா குழந்தையைத் தூக்கிக்கொண்டு வருவதைப் பார்த்தார். பார்த்துவிட்டுக் குனிந்து சீவத் தொடங்கினார்.

கதவைத் திறந்துகொண்டு கண்காணிப்பாளர் வந்தார். அந்த வசந்தத்தில்தான் வெளியூரிலிருந்து வேலைக்கு வந்தவர், ஊர் மனிதர்களைத் தெரியாது. கையில் அன்றைய பதிவுத்தாள்.

"என்னம்மா, யாரைப் பார்க்கணும்?"

லவீனா கையால் காட்டினாள்.

கண்காணிப்பாளர் தாளைப் பார்த்தார். "விட்லாக். இன்னிக்குக் காலையில சேர்ந்தவர். நாதி யாருமில்லன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்காரே. பெரியவரே, இது யாரு?"

ஏசா தலையைத் தூக்கினார். மகளை மேலிருந்து கீழாக, புதிதாய்ப் பார்ப்பவர் போலப் பார்த்தார்.

"தெரியலையே. மேற்க போறவங்க மாதிரி இருக்கு. தெனம் பத்து வண்டி போகுது."

"தாத்தா!" என்றாள் டெஸ்ஸி. துப்பட்டியிலிருந்து இரண்டு கையையும் வெளியே எடுத்து அவர் பக்கம் நீட்டினாள். "தாத்தா, நாங்க லாரியில வந்தோம்!"

பெஞ்சிலிருந்த மற்றக் கிழவர்கள் சீவுவதை நிறுத்தினார்கள்.

"குழந்தைங்க எந்தக் கிழவனைப் பார்த்தாலும் அப்படித்தான் கூப்பிடும்," என்றார் ஏசா. சட்டியை மடியில் இழுத்து வைத்துக்கொண்டார். "அது இருமறதைப் பாருங்க. காத்துல நிக்க வச்சிருக்காங்க. போகச் சொல்லுங்க."

கண்காணிப்பாளர் முட்டாள் இல்லை. அவர் ஏசாவின் மூக்கைப் பார்த்தார், லவீனாவின் மூக்கைப் பார்த்தார். பதிவுத்தாளை மார்போடு அணைத்துக்கொண்டு லவீனா பக்கம் திரும்பினார்.

"நீங்க சொல்லுங்கம்மா," என்றார் மெதுவாக. "நீங்க சொல்றதைத்தான் நான் எழுதணும். இவருக்கு நீங்க என்ன வேணும்?"

ரோட்டில் ஆர்லோ ஹாரன் அடித்தான். டெஸ்ஸி அவள் தோளில் முகம் புதைத்து இருமினாள். அந்தச் சின்ன முதுகு விரிந்து சுருங்குவது அவள் உள்ளங்கைக்குத் தெரிந்தது. அவள் அப்பாவைப் பார்த்தாள். அவர் அவளைப் பார்க்கவில்லை. ஒரு கிழங்கை எடுத்து, சீவாமல், விரல்களுக்குள் இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"நான் யாருமில்ல," என்றாள் லவீனா. "வழியில குடிக்கத் தண்ணி கேக்க வந்தோம்."

கண்காணிப்பாளர் தாளில் ஒன்றும் எழுதவில்லை. உள்ளே போய்த் தகரக் குவளையில் தண்ணீர் கொண்டுவந்து குழந்தையின் கையில் கொடுத்தார். தண்ணீர் மண்ணில்லாமல் தெளிவாக இருந்தது. டெஸ்ஸி குவளையை இரண்டு கையாலும் பிடித்து, அதன் விளிம்புக்கு மேலாகத் தாத்தாவையே பார்த்துக்கொண்டு, கடைசிச் சொட்டு வரை குடித்தாள்.